எதில் திரும்பச் சேர்வது? பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம், ஆட்கள் கடக்கும் எல்லை

பிரிட்டன் மறுபடியும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டுமா என்பது பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், 'வெள்ளைக்காரன் எவனோட சேர்ந்தா என்ன, எவனை விட்டுப் பிரிஞ்சா என்ன, நமக்கு அதுல என்ன வந்தது?' என்று கேட்டார். சும்மா தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல. டங்கல் திட்டம், காட் ஒப்பந்தம் என்று நமக்கு முந்திய தலைமுறைத் தோழர்கள் தொண்ணூறுகளில் விவாதித்த காலத்திலிருந்து ஒரு பிரச்சினை தீராமலே கிடக்கிறது. வணிகத்துக்கான விதிகளை ஒரு நாட்டின் எல்லைக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்றால் அந்த நாட்டின் உழைக்கும் மக்கள் என்ன செய்வது? வெளியேறுவதா, உள்ளேயிருந்து மல்லுக்கட்டுவதா? இந்த இரண்டையும் ஒரு நாடு முழுசாக நடத்திப் பார்த்திருக்கிறது. 1973இல் உள்ளே போனது. 2016 ஜூன் 23 அன்று வாக்கெடுத்து, 2020 ஜனவரி 31 அன்று வெளியே வந்தது. இப்போது திரும்ப உள்ளே போகலாமா என்று விவாதித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பெரிய சோதனையின் விளைவுகள் கண்முன் கிடக்கும்போது படிக்காமல் விடுவதற்கில்லை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டன் திரும்பச் சேர வேண்டும் என்றே கருதுகிறேன். ஆனால் சேர வேண்டும் என்று அங்கே உரத்துப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணம் என்னுடையதல்ல. அவர்களுடைய காரணத்துக்காகச் சேர்வதென்றால் சேராமலே இருந்துவிட்டுப் போகலாம்.

*

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'ஐரோப்பா' என்று ஒற்றைச் சொல்லில் குறிக்கப்படுவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட மூன்று ஏற்பாடுகள். அடியில் இருப்பது சுங்க ஒன்றியம்: உறுப்பு நாடுகளுக்குள் தீர்வை கிடையாது, வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லோரும் விதிப்பது ஒரே தீர்வை. அதற்கு மேல் ஒற்றைச் சந்தை: தரம், உரிமம், பரிசோதனை என எல்லாவற்றுக்கும் ஒரே விதி, சரக்கு, சேவை, மூலதனம், ஆட்கள் ஆகிய நான்கும் தடையில்லாமல் எல்லை கடக்கலாம். அதற்கும் மேலே, இந்த விதிகளை இயற்றுகிற ஆணையம், அமைச்சர் அவை, நாடாளுமன்றம், நீதிமன்றம் எல்லாவற்றிலும் இடம்பெறும் முழு உறுப்புரிமை. பிரிட்டன் மூன்றையும் விட்டு வெளியேறியது. ஆகவே திரும்பச் சேர்வது பற்றியும் மூன்று விதமாகப் பேசுகிறார்கள்.

துருக்கியைப் பாருங்கள். 1996 முதல் அது ஐரோப்பாவோடு சுங்க ஒன்றியத்தில் மட்டும் இருக்கிறது. துருக்கியில் செய்த குளிர்பதனப் பெட்டி தீர்வையில்லாமல் ஜெர்மனிக்குப் போகும்; அதை ஏற்றிப்போகிற லாரி டிரைவர் விசாவுக்கு அலைய வேண்டும். நார்வே ஒற்றைச் சந்தைக்குள் இருக்கிறது, ஒன்றியத்தில் இல்லை. 1972, 1994 இரு வாக்கெடுப்புகளிலும் அம்மக்கள் மறுத்துவிட்டார்கள். அங்கே ஆட்கள் போகலாம், வரலாம். ஆனால் விதி எழுதும் மேசையில் நார்வேக்கு நாற்காலி இல்லை. எழுதி முடித்ததை வாங்கி நடைமுறைப்படுத்த வேண்டியதுதான். எந்தப் படியில் ஏறுவது என்பதைப் பொருளாதார நிபுணர்களின் தொழில்நுட்ப விவகாரம்போல் எழுதுகிறார்கள். எது எல்லை கடக்கலாம் (சரக்கா, ஆளா, குரலா) என்ற அரசியல் கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கிறது.

இந்த ஒன்றியத்துக்கு இரண்டு பிறப்புக் கதைகள் உண்டு. ஒன்று 1941இல் வென்டோட்டேனே என்ற இத்தாலியத் தீவுச் சிறையில் நடந்தது. முசோலினியின் கைதிகளான அல்டியேரோ ஸ்பினெல்லியும் எர்னெஸ்டோ ரோஸ்ஸியும் அங்கே ஓர் அறிக்கை எழுதினார்கள். அது ரகசியமாக வெளியே கடத்தப்பட்டது. ஸ்பினெல்லி கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். தேச அரசுகளின் இறையாண்மைதான் ஐரோப்பாவைப் போருக்கும் பாசிசத்துக்கும் இட்டுச்சென்றது, அதைக் கடந்த கூட்டாட்சி ஒன்று வேண்டும், அது சோசலிசத் தன்மையுள்ளதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். இன்னொரு கதை அதற்கு இரண்டாண்டு முந்தியது. 1939இல் ஹாயெக் ஒரு கட்டுரை எழுதினார். நாடுகளுக்கிடையே கூட்டாட்சி ஏற்பட்டு, சரக்கும் மூலதனமும் ஆட்களும் தடையில்லாமல் நகரத் தொடங்கினால், எந்த உறுப்பு அரசும் சந்தையில் தலையிட முடியாமல் போகும். பல தேசத்தவர் சேர்ந்திருக்கும் மைய அரசிலும் தலையிடுவதற்கான இசைவு உருவாகாது. ஆகவே கூட்டாட்சி நல்லது என்றார். ஒரே கட்டடம், இரண்டு வரைபடங்கள். பிரஸ்ஸெல்ஸில் ஐரோப்பிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு ஸ்பினெல்லி பெயரை வைத்திருக்கிறார்கள். உள்ளே நடக்கும் காரியத்தைப் பார்த்தால் ஹாயெக்கின் வரைபடத்தைப் பார்த்துக் கட்டியதுபோல்தான் இருக்கிறது.

முழுக்க அப்படியும் இல்லை என்பதில்தான் சிக்கல். ஆட்கள் நகரும் உரிமையை ஹாயெக் ஒரு கருவியாகத்தான் பார்த்தார். ஆனால் உரிமை என்று ஒன்று எழுதப்பட்டுவிட்டால், யார் எதற்காக எழுதினார்களோ அதற்கு மட்டும் அது பயன்படுவதில்லை.

*

1957இல் ரோம் உடன்பாட்டில் ஆறு நாடுகள் கையெழுத்திட்டபோது பிரிட்டன் ஒதுங்கி நின்றது. கையிலிருந்த சாம்ராஜ்யம் மணலாய் ஒழுகிக்கொண்டிருந்தும் அது தன்னை ஒரு சாம்ராஜ்யமாகவே நினைத்திருந்தது. 1961இல் விண்ணப்பித்தது; 1963இல் தெகோல் மறுத்தார். 1967இல் மறுபடி விண்ணப்பம், மறுபடி மறுப்பு. கடைசியில் எட்வர்ட் ஹீத் காலத்தில், 1973 ஜனவரி 1 அன்று, அயர்லாந்து, டென்மார்க்கோடு சேர்ந்து உள்ளே போனது.

அந்தத் தேதியைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 1971இன் குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே 1973 ஜனவரி 1தான். காலனி நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு 1962லும் 1968லும் கதவைப் பாதி பாதியாகச் சாத்தியவர்கள் அன்றைக்கு முழுசாகச் சாத்தினார்கள். பிரிட்டனில் பிறந்த முன்னோரின் வழியே உரிமை கோர முடிந்தவர்க்கு ஒரு வாசல், மற்றவர்க்கு வேலை உரிமச் சீட்டு. வெள்ளைக் காமன்வெல்த்துக்கும் கறுப்புக் காமன்வெல்த்துக்கும் இடையே போட்ட கோடு அது. நேற்றுவரை 'நீயும் பிரிட்டிஷ் பிரஜை' என்று சொல்லிக் கூப்பிட்டு ஆலையிலும் ஆஸ்பத்திரியிலும் பஸ்ஸிலும் வேலை வாங்கிய ஜமைக்காக்காரர்க்கும் பஞ்சாபிக்கும் கதவு அடைபட்ட அதே நாளில் இத்தாலியருக்கும் ஜெர்மானியருக்கும் திறந்தது. ஐரோப்பாவில் நுழைந்த கதையை வணிகப் புள்ளிவிவரங்களோடு சொல்கிற புத்தகங்கள் இந்த இரண்டையும் தனித்தனி அத்தியாயத்தில் வைக்கின்றன. சேர்த்து வாசித்தால்தான் விஷயம் புலப்படும்.

சேர்த்து வாசித்தவர்களில் முக்கியமானவர் நம்மவர், அ. சிவானந்தன். 1958 கலவரத்துக்குப் பின் கொழும்பிலிருந்து லண்டன் போய், நாட்டிங்ஹில் இனக் கலவரத்துக்கு நடுவில் இறங்கியவர். இன உறவுகள் ஆய்வகத்தைக் கறுப்பின மக்களின் சிந்தனைக் களமாக மாற்றியவர். தோல் நிறத்தைப் பார்த்து மட்டும் பாய்வதில்லை, வெள்ளைத் தோலுள்ள ஏழை அந்நியர் மீதும் அகதிகள் மீதும் பாயும் இனவாதம் ஒன்று உருவாகியிருக்கிறது என்று புத்தாயிரத்தின் தொடக்கத்திலேயே அவர் பெயரிட்டுச் சொன்னார். 2004இல் போலந்து, லித்துவேனியா உள்ளிட்ட பத்து நாடுகள் சேர்ந்தபோது அத்தொழிலாளர்களுக்கு உடனே கதவைத் திறந்தவை பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் ஆகிய மூன்றே. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தப் போலந்துக்காரரின் முகம்தான் வெளியேற்றப் பிரசாரத்தின் பூச்சாண்டி ஆயிற்று. வாக்கெடுப்பை ஒட்டி வெறுப்புக் குற்றங்கள் கூடியதைப் போலீஸ் கணக்குகளே காட்டின.

*

பிரிட்டிஷ் இடதுசாரிகள் இதில் எங்கே நின்றார்கள்? ஒவ்வொரு சமயம் ஒவ்வொரு பக்கம். 1975 வாக்கெடுப்பில் டோனி பென் வெளியேறச் சொன்னார்; அப்போதுதான் கன்சர்வேட்டிவ் தலைவியான தாட்சர் உள்ளேயிருக்கச் சொன்னார். 67 விழுக்காட்டினர் உள்ளேயிருக்க வாக்களித்தார்கள். 1983 தேர்தல் அறிக்கையில் லேபர் கட்சி வெளியேற்றத்தை வாக்குறுதியாகவே தந்தது. 1988 செப்டம்பரில் காட்சி தலைகீழாகிறது. ஐரோப்பிய ஆணையத் தலைவர் ழாக் தெலோர் பிரிட்டிஷ் தொழிற்சங்கப் பேரவைக்கு வந்து தொழிலாளர் உரிமைகள் பற்றிப் பேசுகிறார். தாட்சரிடம் அடிமேல் அடி வாங்கி ஓய்ந்திருந்த சங்கத்தினர் எழுந்து நின்று அவர் பெயருக்குப் பொருத்தமான பிரெஞ்சுக் குழந்தைப் பாட்டைப் பாடுகிறார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, தாட்சர் புரூஜ் நகருக்குப் போய்ப் பிரஸ்ஸெல்ஸின் மேலாதிக்கத்தைத் தாக்குகிறார். வேடிக்கை என்னவென்றால் ஒற்றைச் சந்தையே தாட்சர் ஆள் வைத்துப் பெற்ற குழந்தை. அதற்கான திட்டத்தை எழுதிய ஆணையர் காக்ஃபீல்டை அனுப்பிவைத்தவர் அவர்தான். சந்தை வேண்டும், சந்தையோடு ஒட்டிக்கொண்டு வரும் உரிமைகள் வேண்டாம். அவருடைய சண்டையின் சாரம் அதுதான்.

அந்த உரிமைகள் பெரும் புரட்சியல்ல. ஆனால் எல்லாத் தொழிலாளருக்கும் சம்பளத்துடன் விடுமுறை என்ற பொதுவான சட்ட உரிமை பிரிட்டனில் வந்ததே 1998இல், ஐரோப்பிய வேலைநேர நெறிமுறையால்தான்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஒன்றியம் மூலதனத்தின் கழகம் என்று பென் போன்றவர்கள் சொன்னது பொய்யில்லை. ஸ்வீடனில் வாக்ஸ்ஹோம் என்ற ஊரில் பள்ளிக்கூடம் கட்ட லாத்வியக் கம்பெனி ஒன்று தன் ஆட்களைக் கொண்டுவந்தது. ஸ்வீடன் சங்கக் கூலி தர மறுத்தது. சங்கத்தினர் மறியல் செய்தார்கள். 2007 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த மறியல் கம்பெனியின் சேவைச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. லாவல் வழக்கு என்று இதைச் சொல்வார்கள். அதே மாதம் வந்த வைக்கிங் கப்பல் வழக்குத் தீர்ப்பும் இதே தடத்தில்தான். அப்புறம் கிரீஸ். 2015 ஜூலை 5 அன்று 61 விழுக்காடு மக்கள் கடன்காரர்களின் நிபந்தனைகளை வேண்டாமென்றார்கள். ஒரே வாரத்தில் அதைவிடக் கடுமையான நிபந்தனைகளில் அவர்களுடைய அரசைக் கையெழுத்திட வைத்தார்கள். டென்மார்க் 1992லும் அயர்லாந்து 2001லும் 2008லும் 'இல்லை' என்றபோது, சலுகைகளோ உறுதிமொழிகளோ தந்து, மறுபடி வாக்கெடுத்து 'ஆமாம்' வாங்கினார்கள். இதையெல்லாம் பார்த்த ஒருவர் 2016இல் வெளியேற வாக்களித்தால் அவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வேல்ஸில் எப்வேல் என்றொரு ஊர். தேசிய மருத்துவச் சேவையை உருவாக்கிய அனூரின் பெவனின் தொகுதி. அங்கிருந்த எஃகு ஆலை 2002இல் மூடப்பட்டது. ஐரோப்பிய நிதியில் சாலையும் கட்டடங்களும் வந்தன. அந்த வட்டாரமான பிளைனா குவென்ட்டில் 62 விழுக்காட்டினர் வெளியேற வாக்களித்தார்கள். நன்றி கெட்டவர்கள் என்று லண்டன் பத்திரிகைகள் எழுதின. வேலை போன ஊருக்கு யார் பணத்தில் சாலை போட்டார்கள் என்று பலகை வைத்தால் நன்றி வந்துவிடுமா? அவர்கள் பிரஸ்ஸெல்ஸுக்குச் சொன்னதாக எண்ணப்பட்ட 'இல்லை'யில் பெரும்பகுதி லண்டனுக்குச் சொன்னது. மருத்துவச் சேவைக்கு வாரம் 35 கோடி பவுண்டு மிஞ்சும் என்று ஒரு சிவப்பு பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதிக்கொண்டு திரிந்தவர்கள் பெவனின் ஊர்க்காரர்களிடம் எதைத் தொட்டுப் பேச வேண்டும் என்று தெரிந்தேதான் பேசினார்கள்.

ஆகவே விமர்சனம் சரி. வெளியேறியதால் அந்த விமர்சனம் கேட்டது கிடைத்ததா என்பதுதான் அடுத்த கேள்வி.

*

2022 மார்ச்சில் பி அண்ட் ஓ ஃபெரீஸ் கப்பல் நிறுவனம் ஏறக்குறைய 800 தொழிலாளரை, முன்கூட்டிப் பதிவு செய்த வீடியோவைப் போட்டுக் காட்டி, ஒரே காலையில் வேலைநீக்கம் செய்தது. சட்டப்படி சங்கங்களைக் கலந்திருக்க வேண்டும், தெரிந்தேதான் மீறினோம் என்று அதன் தலைவர் நாடாளுமன்றக் குழு முன் சொன்னார். புதிய ஆட்களுக்கு மணிக்குச் சராசரி 5.50 பவுண்டு கூலி. மீட்டெடுத்த இறையாண்மை அன்றைக்குத் துறைமுகத்தில் எங்கே போய் நின்றது? லாவல் தீர்ப்பின் பிடி பிரிட்டனை விட்டுப் போயிற்று, உண்மை. ஆனால் வேலைநிறுத்த உரிமையை நெரிக்கும் சட்டங்களை பிரிட்டன் ஐரோப்பாவிடமிருந்து இறக்குமதி செய்யவில்லை; அவை உள்நாட்டுச் சரக்கு.

மீனவர் கதை இன்னும் துயரமானது. கடல் நமக்கே என்று கொடி கட்டிப் போனவர்கள் அவர்கள். பிரிட்டிஷ் படகுகள் பிடிக்கும் மீனில் பெரும்பகுதி ஐரோப்பியர் தட்டுக்குப் போவது. 2021 தொடங்கியதும் சில வகைக் கடற்பகுதிகளில் எடுத்த உயிருள்ள சிப்பிகளை ஒன்றியத்துக்குள் விற்க முடியாமல் போயிற்று. மற்றதற்கெல்லாம் சான்றிதழ், படிவம், காத்திருப்பு. பிறகு 2025 மே மாத உடன்பாட்டில் ஐரோப்பியப் படகுகள் பிரிட்டிஷ் கடலில் 2038 வரை மீன்பிடிக்கலாம் என்று லண்டனே நீட்டித்துக் கொடுத்தது.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஆட்களைப் பற்றி. வெளியேறினால் குடியேற்றம் குறையும் என்றார்கள். 2023இல் நிகரக் குடியேற்றம் ஆண்டுக்கு 9 லட்சத்தைத் தாண்டியது. ஐரோப்பியர் வருவது குறைந்தது. இந்தியா, நைஜீரியா, ஜிம்பாப்வே போன்ற நாடுகளிலிருந்து வருவது பெருகியது. முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் பராமரிப்பு வேலைக்கு ஆளில்லாததால் 2022 பிப்ரவரியில் அவ்வேலைக்கு விசா திறக்கப்பட்டது. 2023இல் மட்டும் உடல்நலம், பராமரிப்பு விசா பெற்ற தொழிலாளர் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல். 'பார்த்தீர்களா, இனவாதத்துக்குத் தோல்வி, வெள்ளையர்க்குப் பதில் நம்மவர்' என்று சில நண்பர்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அதில் சந்தோஷப்பட ஒன்றும் தெரியவில்லை. வந்தவர்கள் எந்தச் சட்ட நிலையில் வந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

போலந்துத் தொழிலாளி வந்தபோது விசா வாங்க வேண்டியிருக்கவில்லை. முதலாளி சரியில்லையென்றால் மறுநாள் வேறு வேலைக்குப் போகலாம், சங்கத்தில் சேரலாம், குடும்பத்தைக் கூட்டி வரலாம், ஊருக்குப் போய்த் திரும்பலாம். பராமரிப்பு விசாவில் வந்த பெண்ணுக்கு ஸ்பான்சர் என்ற முதலாளி இருக்கிறார். அவர் பெயரில்தான் விசா. அவரை விட்டால், அல்லது அவருடைய உரிமம் ரத்தானால், வழக்கமாக 60 நாளுக்குள் உரிமமுள்ள இன்னொரு ஸ்பான்சரைப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். விதிமீறலுக்காக நூற்றுக்கணக்கான பராமரிப்பு நிறுவனங்களின் உரிமத்தை அரசு பறித்தது. தண்டனை முதலாளிக்கு, நாள் எண்ணத் தொடங்குவது தொழிலாளி. தரகருக்கு லட்சக்கணக்கில் கட்டி, நகையை வைத்து, நிலத்தை வைத்து வந்தவர்கள் பலர். சொன்ன மணிநேரம் வேலை இல்லை, சொன்ன கூலி இல்லை என்றாலும் வாயைத் திறக்க முடியாது. 2024 மார்ச்சிலிருந்து புதிதாக வருகிற பராமரிப்புத் தொழிலாளர் பிள்ளையையும் துணையையும் கூட்டிவரக் கூடாது என்று ஆணை வந்தது. பழம் பறிக்க ஆறு மாத விசாவில் வருகிறவர்கள் கதை இன்னும் சுருக்கம்: பறி, கிளம்பு.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது, மலையக வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். கடன் தீர்த்தால் இந்தக் கூலிகளை விட்டுவிடுகிறேன் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் காகிதம். அந்தத் துண்டு இல்லாமல் தொழிலாளி இன்னொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. 1920களின் தொடக்கத்தில் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஒப்புமை முழுசாகப் பொருந்தாது. இன்றைய விசாவில் தொழிலாளியைக் கட்டுவது தோட்டக் கடன் இல்லை, குடியிருப்பு உரிமை. ஆனால் ஒருவர் வேலை மாறுவதற்கு முதலாளி வர்க்கத்தின் காகிதம் தேவைப்படுகிற ஏற்பாடு என்ற அளவில் இரண்டும் ஒரே குடும்பம். வெளியேற்றம் குடியேறிகளைத் தடுக்கவில்லை. உரிமையோடு வந்தவர்களின் இடத்தில் உரிமையில்லாதவர்களைக் கொண்டுவந்து வைத்தது. மூலதனத்துக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஒன்றியத்தின் சுதந்திர நகர்வு வெள்ளையர்களுக்கு மட்டுமான சலுகை என்பதும் முழு உண்மையல்ல. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஈழத்திலிருந்து லாரியிலும் படகிலும் பனியிலும் எல்லை கடந்து நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் என்று சிதறியவர்கள் அங்கே குடியுரிமை பெற்றபின், ஆயிரக்கணக்கில் லண்டன் பக்கம் பெயர்ந்தார்கள். உறவினர், கோயில், கடை, பிள்ளைகளுக்கு ஆங்கிலப் படிப்பு எனப் பல காரணங்கள். ஒருகாலத்தில் ஏஜென்சிக்குப் பணம் கட்டி ஒளிந்து கடந்த அதே எல்லைகளை இம்முறை பாஸ்போர்ட்டைக் காட்டிக் கடந்தார்கள். யாருக்காகவோ எழுதிய உரிமை யாருக்கோ பயன்பட்டது என்று மேலே சொன்னேனே, இதுதான். 2020 முடிவோடு அந்த வழி புதியவர்களுக்கு அடைபட்டது.

*

இன்றைய மறுநுழைவு விவாதத்துக்கு வருவோம். அது பெரும்பாலும் கணக்கப்பிள்ளை விவாதம். வெளியேற்றத்தால் நீண்டகால உற்பத்தித்திறன் 4 விழுக்காடு குறையும் என்று அரசின் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம் கணித்தது. சேர்ந்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கணிப்பு தவறென்று சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் 35 கோடி எழுதியவர்களும் கணக்கைத்தான் காட்டினார்கள். அந்தக் கணக்குக்கு எதிராக இந்தக் கணக்கு. எப்வேல்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். மொத்த உற்பத்தி ஏறியபோதும் அவர் ஊருக்கு ஆலை திரும்பவில்லை.

2024இல் ஆட்சிக்கு வந்த லேபர் கட்சி தன் தேர்தல் அறிக்கையில் மூன்று மறுப்புகளை வைத்தது: ஒற்றைச் சந்தை இல்லை, சுங்க ஒன்றியம் இல்லை, ஆட்களின் சுதந்திர நகர்வு இல்லை. பிறகு 2025 மே மாதம் லண்டனில் ஒன்றியத்தோடு பேசி முடித்ததைப் பாருங்கள். இறைச்சி, பால், காய்கறி எல்லை கடக்க வசதியாக ஐரோப்பிய உணவு விதிகளையே, அவை மாற மாறப் பின்பற்றிக்கொள்ளச் சம்மதம். இளைஞர்கள் சில காலம் போய் வேலை செய்து வருவதற்கு ஒரு திட்டம் பேசுவோம் என்றும் ஒத்துக்கொண்டார்கள். அதற்கு வைத்த பெயர் 'இளைஞர் அனுபவத் திட்டம்'. 'நகர்வு' என்ற சொல்லைக்கூட எழுதப் பயம். நகர்வு உரிமையாகிவிடும், அனுபவம் என்றால் சுற்றுலாபோல் இருக்கும், போய்விட்டு வந்துவிடலாம். மாணவர் பரிமாற்றத்துக்கான எராஸ்மஸ் திட்டத்தில் 2027இல் சேர்வதாக 2025 டிசம்பரில் அறிவித்தார்கள். ஆராய்ச்சியாளர்களுக்கான ஹொரைசன் திட்டத்தில் 2024 ஜனவரியிலேயே சேர்ந்தாயிற்று. மாட்டிறைச்சி போகலாம், பேராசிரியர் போகலாம், மாணவர் போகலாம். கொத்தனாரும் தாதியும் மட்டும் அட்டவணையில் இல்லை. சுங்க ஒன்றியத்தில் மட்டும் சேர்ந்தால் போதும் என்று அக்கட்சிக்குள்ளேயே இப்போது எழும் குரல்களை இந்தப் பின்னணியில் வைத்துக் கேட்க வேண்டும். அது துருக்கி லாரியின் பாதை.

முழுசாகச் சேர்வதென்றால் ஒன்றிய உடன்பாட்டின் 49ஆம் பிரிவின்படி புதிதாக விண்ணப்பித்து, எல்லா உறுப்பு நாடுகளும் ஒருமனதாக ஏற்க வேண்டும். 1984இல் தாட்சர் சண்டைபோட்டு வாங்கிய பணத்தள்ளுபடி, பொது நாணயத்திலிருந்து விலக்கு, ஷெங்கன் எல்லையிலிருந்து விலக்கு ஆகிய பழைய சலுகைகளெல்லாம் தானாகத் திரும்பாது. இதைச் சொல்லித்தான் சேர வேண்டாம் என்று பலரைப் பயமுறுத்துகிறார்கள். தள்ளுபடி போனால் போகட்டும். எல்லோரிலும் நாம் தனி என்ற சாம்ராஜ்யக் கால வீறாப்பு அதோடு கொஞ்சம் குறைந்தால் நல்லது. நாணய விஷயத்தில் மட்டும் எனக்கும் தயக்கம் உண்டு, கிரீஸுக்கு நடந்ததைப் பார்த்தபின் தயங்காமல் இருக்க முடியாது. ஆனால் 1995இல் சேர்ந்த ஸ்வீடனுக்கும் யூரோ கட்டாயம்தான்; 2003இல் மக்கள் வாக்கெடுப்பில் மறுத்துவிட்டு இன்றுவரை குரோனாவோடுதான் இருக்கிறார்கள். கட்டாயம் என்று எழுதியிருப்பதற்கும் நடப்பதற்கும் இடையே அரசியல் செய்ய இடம் இருக்கிறது.

நிலம் வெளியேறினாலும் ஆட்களின் உரிமை போகாமலிருக்கலாம் என்பதற்கும் சான்று உண்டு. கிரீன்லாந்து மீன்பிடி உரிமைக்காக 1982இல் வாக்கெடுத்து 1985இல் வெளியேறியது. ஆனால் டென்மார்க் குடிமக்கள் என்ற முறையில் அதன் மக்கள் ஐரோப்பியக் குடிமக்களாகவே நீடிக்கிறார்கள். வட அயர்லாந்தும் அப்படித்தான்: 1998 உடன்பாட்டின்படி அங்கே பிறந்தவர்கள் அயர்லாந்துக் குடியுரிமை எடுக்கலாம், எடுத்தால் ஐரோப்பியர். அங்கே 55.8 விழுக்காடும் ஸ்காட்லாந்தில் 62 விழுக்காடும் உள்ளேயிருக்கவே வாக்களித்தன. யாருடைய இறையாண்மை மீட்கப்பட்டது என்ற கேள்விக்கு லண்டனிடம் இன்னும் பதில் இல்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு ஐரோப்பாவைச் சொர்க்கமாக்க நான் தயாரில்லை. 2013 அக்டோபர் 3 அன்று லம்பெடூசா கரையருகே ஒரே படகில் 360க்கும் மேற்பட்டவர்கள் மூழ்கியதும் இந்த ஒன்றியத்தின் வாசலில்தான். உள்ளே சுவரை இடித்த கைகளே வெளியே சுவரை உயர்த்தின. ஆனால் வெளியேறிய பிரிட்டன் செய்தது என்ன? அகதிகளை ருவாண்டாவுக்கு விமானத்தில் ஏற்றி அனுப்பத் திட்டம் போட்டது. 2023 நவம்பரில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. புதுச் சட்டம் போட்டுப் பார்த்தார்கள். 2024இல் ஆட்சி மாறியபின்தான் கைவிட்டார்கள். கோட்டைக்குள் இருப்பதா வெளியே இருப்பதா என்றல்ல, கோட்டைக்குள் ஒரு கோட்டை கட்டுவதா என்றே அங்கே கேள்வி இருந்தது. திரும்பச் சேர்வதைக் கோருகிற இடதுசாரிகள் உள்ளே நகரும் உரிமையையும் வெளிவாசலில் நடக்கும் கொலையையும் ஒரே துண்டறிக்கையில் எழுத வேண்டியிருக்கிறது. தனித்தனியாக எழுதினால் 1973 ஜனவரி 1தான் மறுபடி நடக்கும்: போலந்துக்காரருக்குத் திறக்கிற அன்றைக்கே கேரளத்துத் தாதிக்கும் நைஜீரியப் பராமரிப்பாளருக்கும் அடைப்பார்கள்.

அப்படி அடைக்கும் வேலை தொடங்கியும்விட்டது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து பராமரிப்புத் தொழிலாளரைப் புதிதாக எடுப்பதை நிறுத்தினார்கள். நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான வழக்கமான காத்திருப்பை ஐந்தாண்டிலிருந்து பத்தாண்டாக்கும் யோசனையை அந்த ஆண்டு மே மாத வெள்ளை அறிக்கை வைத்தது. உள்ளே ஏற்கெனவே இருப்பவர்கள் முதலாளி பெயரில் ஒட்டிய விசாவோடு இன்னும் நெடுங்காலம் இருக்க வேண்டியதாகும். இந்த ஸ்பான்சர் முறையை எடுத்துவிட்டு, வந்த தொழிலாளி எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம் என்று ஒரு விதி எழுதுவதற்கு 27 நாடுகளின் ஒருமனது தேவையில்லை, 49ஆம் பிரிவு தேவையில்லை. லண்டன் உள்துறை அமைச்சகம் நினைத்தால் நாளைக்கே செய்யலாம். நீல வண்ணக் கொடி பிடித்து ஊர்வலம் போகிற மறுநுழைவுக்காரர்களிடம் நான் முதலில் கேட்க நினைப்பது இதைத்தான்: உங்கள் கோரிக்கைப் பட்டியலில் இது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது?